அச்சடித்த தேதி

12-7-1993

இன்றைக்கு டைப் அடிக்க வந்தது எட்டுப் பக்கம். வக்கீல் வேதசிரோமணி சாருடையது. இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிங் லோயர் பரீட்சைக்குப் பழகும் பிள்ளைகள் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, நான் மூலை மெஷினில் உட்கார்ந்து அடித்தேன். யாரோ மாடம்பாக்கத்துப் பெண், தம்பிகள் மேல் பாகப்பிரிவினை கேஸ். நாலாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. 1989 மார்ச் 25-ஆம் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்பிள்ளைக்குச் சமமாகப் பங்கு உண்டாம். சட்டமாம். நாலு வருஷமாக இருக்கிறதாம். என்னிடம் ஒரு ஈ காக்கா சொல்லவில்லை.

என் கல்யாணம் அந்த வருஷம் மே 19. வைகாசி ஆறு, வெள்ளிக்கிழமை.

அதற்கப்புறம் ஒரே வரியில் மூன்று தப்பு. பிள்ளைகள் இப்படி அடித்தால் காதைத் திருகுவேன்.

13-7-1993

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆசை வரும். எனக்கே வந்துவிட்டதே.

18-7-1993

கோவிலம்பாக்கம் போனேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஏரிக்குக் கீழே தாத்தா காலத்து ஒன்றரை ஏக்கர் அண்ணன் ஜெயவேலு பெயருக்குப் பட்டா மாறிவிட்டது. சுற்றிலும் எல்லோரும் மனைக்கல் நட்டுவிட்டார்கள். நம்முடையது மட்டும் இன்னும் வெறும் மண்.

சண்டைக்குப் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை. "அண்ணா, எனக்கும் ஒரு பாகம் வருதாமே" என்றுதான் ஆரம்பித்தேன். சிரித்தான்.

"இன்னா கொடி, டைப் அடிச்சு அடிச்சு நீயே வக்கீலாயிட்டியா? கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இன்னா பங்கு? நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு."

"அது அப்பா போட்டது. நீ போடலை."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி செல்லியம்மாள் குறுக்கே புகுந்து, "மொதல்ல சாப்புடு கொடி" என்று இலையில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே போனாள். சாப்பிட்டேன். வெட்கம் கெட்டவள், இரண்டாம் தரம் சோறு கூட வாங்கினேன். அந்த வீட்டில் அதுதான் கடைசிச் சாப்பாடு என்று யாருக்குத் தெரியும்?

8-8-1993

அம்மா வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினாள். "கேஸு கீஸு போடாதடி. நான் அவன் வூட்லதான் சோறு துன்றேன். உன் பக்கம் பேசினா நாளைக்கு எனக்கு யாரு ஊத்துவா?"

"நான் ஊத்தறேன் வா" என்றேன். மருமகன் வீட்டில் எப்படி இருப்பது என்கிறாள். அப்படியானால் நான் பெண்ணாகப் பிறந்ததுதான் அவளுக்கு இடைஞ்சல். கேட்டேவிட்டேன். அழுதாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து நானும் அழுதேன்.

4-10-1993

வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வந்துவிட்டது. "மேற்படி ஜெயக்கொடியின் திருமணம் 22-3-1989 அன்றே நடந்தேறிவிட்டபடியால்..." கூடவே என் கல்யாணப் பத்திரிகையின் ஜெராக்ஸ். மஞ்சள் கூட விழுந்திருக்கிறது, கறுப்புப் புள்ளியாக.

கணக்குப் பார்த்தேன். சட்டத்துக்கு மூன்று நாள் முன்னாடி. மூணே நாள்!

பத்திரிகையில் அப்படித்தான் அடித்திருந்தது. பங்குனி ஒன்பது, புதன்கிழமை. பந்தக்கால்கூட நட்டாகிவிட்டது. பங்குனி ஏழு, திங்கட்கிழமை காலையில் அண்ணனின் குழந்தை பவானி போய்விட்டாள். பத்து மாதம். இரண்டு நாள் வயிற்றாலே போயிற்று. பல்லாவரத்து டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் அண்ணி மடியிலேயே அடங்கிவிட்டாள். அப்போதுதான் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனே மேலே ஏறிக் கீற்றைப் பிய்த்துப் போட்டான். "எங்கொழந்த போன வாசல்ல மேளம் கொட்டுவீங்களாடா" என்று கத்தினான். அவனைப் பிடித்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளினார்கள். மறுபடி பத்திரிகை அடிக்கவில்லை. துக்க வீட்டில் இரண்டாவது பத்திரிகை எதற்கு என்று அப்பா வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து வாயால் சொல்லிவிட்டு வந்தார். வைகாசியில் எங்கள் வீட்டு வாசலிலேயே என் வீட்டுக்காரர் தாலி கட்டினார். கல்யாணத்தை எங்கள் பக்கம் யார் ரிஜிஸ்டர் செய்கிறார்கள்? குழந்தை பிறந்ததையும் எழுதிவைக்கவில்லை, போனதையும் எழுதிவைக்கவில்லை.

பந்தலைப் பிய்த்தவன் அவன். அவனுக்குத் தெரியாதா?

11-10-1993

வேதசிரோமணி சார் சொல்கிறார்: "ஏம்மா, கோர்ட்ல காகிதம்தான் பேசும். அந்தக் குழந்தையோட இறப்புச் சான்றிதழ் ஒண்ணு இருந்தா போதும். வீட்ல சாவு விழுந்த மூணாம் நாள் எவனும் கல்யாணம் பண்ணமாட்டான்."

வி.ஏ.ஓ. ஆபீசில் 89-ஆம் வருஷத்துப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். பவானி இல்லை. இருபத்தோரு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம், சட்டப்படி அது வீட்டாரின் கடமையாம். இத்தனை வருஷம் ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பெற்றவர்கள் மனுப் போடவேண்டும். பெற்றவன் யார்? என் அண்ணன். அழகுதான்!

24-10-1993

தெரு முழுக்க ஏறி இறங்கினேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள், பந்தியில் உட்கார்ந்து பாயசம் போதாது என்று கேட்டு வாங்கியவர்கள். ஒருவரும் சாட்சிக்கு வரமாட்டார்களாம். பங்காளி வீட்டு கோபு சித்தப்பா மட்டும் ஒளிக்காமல் சொன்னார். "வைகாசிலதாம்மா நடந்துச்சு, நல்லா ஞாபகம் கீது. ஆனா என்னை கோர்ட்டுக்கு இஸ்க்காத. எனக்கும் மூணு தங்கச்சி கீதுங்க. உனக்கு வந்துச்சுன்னா நாளைக்கு அதுங்களும் வந்து நிக்கும்."

அதுதான் விஷயம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொடி இருக்கிறாள்.

2-11-1993

கேஸ் போட்டாயிற்று. பிராதை நானே டைப் அடித்தேன். ஒரு தப்பு இல்லை.

6-9-1994

வாய்தா.

17-3-1995

வாய்தா. செங்கல்பட்டு ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அண்ணன் வீட்டிலிருந்து சீர் இல்லை. சீர் கிடக்கட்டும், பவானிக்குப் பிறகு பிறந்த சின்னவளுக்குக் காது குத்தினார்களாம். எனக்குச் சொல்லவில்லை. அத்தை நான் ஒருத்திதானே அந்தக் குழந்தைக்கு?

15-2-1996

அம்மா கூண்டில் ஏறினாள். "பங்குனிலதாங்க" என்றாள். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு அண்ணன். நம் வக்கீல் கேட்டார், "உங்க முதல் குழந்தை பவானி இறந்ததாலதானே கல்யாணம் தள்ளிப்போச்சு?"

"இல்லீங்க."

"குழந்தை இறந்தது உண்மையா, இல்லையா?"

"உண்மைதாங்க."

"எப்போ?"

அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லுடா, சொல்லிடுடா, எனக்கு மண்ணும் வேணாம் ஒண்ணும் வேணாம், சொல்லிடு — உள்ளே நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"பிப்ரவரி இருபதுங்க. ஒரு மாசம் கழிச்சுத்தான் கல்யாணம் பண்ணோம்."

அண்ணன் இங்கிலீஷ் மாதம் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவனுக்கு ஆடியும் தையும்தான் தெரியும். எவனோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறான். படுபாவி, உம்பொண்ணுடா அது!

21-2-1996

அண்ணி இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்துவிட்டாள். அண்ணனுக்குத் தெரியாது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தேன். கோர்ட்டில் நடந்ததை அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"ஒரு மாசத்த புடுங்கிட்டாரு கொடி" என்றாள். "அந்த மாசத்துலதான் அது செவுத்த புடிச்சிக்கினு நின்னுச்சு. அந்த மாசத்துலதான் உன்ன அத்தேன்னு கூப்ட்டுச்சு. மாசிலயே செத்துடுச்சுன்னா, அப்போ அதெல்லாம் யாரு? நானா கனா கண்டேன்?"

நான் கேஸ் போட்டதால்தானே அவன் அந்த வார்த்தையைச் சொன்னான்? நான் சும்மா இருந்திருந்தால் அந்தக் குழந்தை செத்த நாளாவது அதனுடையதாக இருந்திருக்கும். அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போகும்போது கேட்டாள்: "அதுக்குன்னு ஒரு பேப்பர் வாங்க முடியுமா? பேரு, நாளு எல்லாம் போட்டு? ஒரு போட்டோகூட இல்லியே எங்கிட்ட."

28-6-1996

தள்ளுபடி. என் சாட்சிகள் எல்லாம் புருஷனும் புருஷன் வீட்டாரும். எதிர்ப்பக்கம் அச்சடித்த பத்திரிகை. நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. அவர் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லையே.

அப்பீல் போடலாம் என்கிறார் சார். போடுங்கள் என்றேன். வீறாப்புத்தான்.

11-8-1996

மூன்று வருஷம் கழித்து அண்ணன் என் வீட்டு வாசலில். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். முடி நரைத்துவிட்டது. நிலத்தை மனை போட ஒரு பார்ட்டி கேட்கிறானாம். அப்பீல் இருக்கும்வரை தொடமாட்டேன், பங்கு வேண்டாம் என்று தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்கிறானாம்.

"ஒரு கையெழுத்து கொடி. உனக்கும் எதனா செய்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து செருமினார். நான் திரும்பவில்லை.

"பவானியைப் பதிவு பண்ணு. மாஜிஸ்திரேட்கிட்ட மனுப் போட்டு, அவ போன நாளைப் போட்டு, சர்டிபிகேட்டை வாங்கி அண்ணி கையில குடு. அன்னிக்கே வந்து கையெழுத்துப் போடறேன்."

"கோர்ட்ல சொன்னதுக்கு மாறா இப்போ..."

"நான் கையெழுத்துப் போட்டப்புறம் அதை வச்சு உன்னை யாரு என்ன கேக்கப்போறாங்க?"

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். சரி என்றான். காபி வைத்தேன், குடிக்காமல் போய்விட்டான்.

12-8-1996

வீட்டுக்காரர் பேசவில்லை. நேற்று ஒரே ஒரு வார்த்தை, "பைத்தியம்." வக்கீல் சாரும் வேறு சொற்களில் அதையேதான் சொன்னார். அந்த சர்டிபிகேட் வந்தால் அப்பீலில் ஜெயித்துவிடலாமாம், அதை வாங்கவைத்துவிட்டு நிலத்தை விடுகிற கட்சிக்காரியை அவர் பார்த்ததில்லையாம். நானும்தான் பார்த்ததில்லை.

30-10-1996

மனு முடிந்துவிட்டதாம். அண்ணன் மட்டும்தான் உள்ளே போனானாம், அண்ணி வராந்தாவில் இருந்திருக்கிறாள். பேப்பர் அடுத்த மாதம் வரும்.

20-11-1996

பல்லாவரம் ரிஜிஸ்டர் ஆபீஸ். அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஏதோ விசேஷத்துக்கு வருகிறவள் மாதிரி. என்னைப் பார்த்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டினாள். "கைல குடுத்துட்டாரு கொடி! நீ சொன்னதாலதான். படி, படி."

பெயர்: பவானி. தகப்பனார் பெயர்: மு. ஜெயவேலு. தாயார் பெயர்: செல்லியம்மாள். இறந்த தேதி: 20-2-1989.

இன்னொரு தரம் படித்தேன். அதேதான்.

அண்ணன் பத்திரம் எழுதுபவர் பக்கத்தில் நின்று எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டில் சொன்ன பொய்யை அரசாங்க முத்திரையோடு வாங்கி வந்துவிட்டான். இனி நான் எந்த அப்பீலுக்குப் போனாலும் இந்தப் பேப்பரே எனக்கு எதிராகப் பேசும். அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். தெருவே கூடுகிற மாதிரி கத்தியிருக்கலாம். கையெழுத்து கிடையாது போடா என்று நடந்திருக்கலாம். எல்லாம் வாய் வரைக்கும் வந்தது.

"பங்குனி ஏழுதானே போட்டுக்கீது?" என்றாள் அண்ணி. "இங்கிலீஷ் மாசம் எனக்கு இன்னா புரியுது. நீ சொல்லு."

"ஆமாம் அண்ணி. பங்குனி ஏழு."

"திங்கக்கெழம?"

"திங்கட்கிழமை."

பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், அவளுக்குக் கவலையே இல்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போட்டேன், பெருவிரல் ரேகை வைத்தேன். படி இறங்கும்போது அண்ணன் பின்னால் வந்து, "கொடி, சாப்ட்டுப் போலாம் வா" என்றான். பஸ் வந்துவிடும் என்றேன்.

அண்ணி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். சின்னவள் ஒன்றாம் வகுப்பாம், எதைப் பார்த்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளாம். இன்று சாயங்காலம் அக்கா பேரை அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறாளாம். வேண்டாம் அண்ணி, குழந்தை கை பட்டால் கிழிந்துவிடும், பெட்டிக்குள் அடியில் வைத்துப் பூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.