காலர் பழக வந்தவர்கள்

ஒக்டோபர் 6, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. இரத்தோட்டை பஸ் தாமதம். கார்மென்ட் தொழிற்சாலை வாசலில் செக்கியூரிட்டியிடம் வழக்கம்போல் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெளிநாட்டிலிருந்து நாலைந்து பெண்கள் வந்திருக்கிறார்கள். ஓடர் கொடுக்க வந்தவர்களாக இருக்கும். நான் சுப்பவைசர் ஆயிற்றே, வாய் சும்மா இருக்குமா? "மானத்தக் காப்பாத்துங்கடி! வேகமாத் தையுங்க" என்று பிள்ளைகளை விரட்டினேன். பறந்தார்கள். வந்தவர்கள் எங்கள் கைகளை மட்டும் போனில் படம் பிடித்தார்கள். எனக்குப் பெருமை வேறு.

வாங்க: சீனி, சவர்க்காரம், என் தையல் லைனில் இருக்கிற செல்வியின் மகளுக்கு இருமல் மருந்து.

ஒக்டோபர் 8, புதன்
வெயில். வந்தவர்களில் ஒருத்தி செல்வி பக்கத்தில் உட்கார்ந்து காலர் தைத்துப் பழகுகிறாள். ஓடர் கொடுக்கிறவளுக்கு இது எதற்கு? என் மண்டையில் ஏறவில்லை. "நல்லாக் காட்டிக் குடுங்க" என்றார் மெனேஜர். பாஷை கிடையாது, சைகைதான். மத்தியானம் செல்வியின் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

எங்களில் புதிதாக வருகிறவள் முதல் காலரைப் பிழையில்லாமல் தைத்தால், அளவு நாடாவை மாலையாகப் போட்டுக் கைதட்டுவோம். அவளுக்கும் போட்டோம். நான்தான் போட்டேன்.

ஒக்டோபர் 13, திங்கள்
மூட்டம். கேட்டில் லொறி. எங்கள் மெஷின்களைக் கழற்றுகிறார்கள். வேலை அந்தப் பெண்களின் நாட்டுக்குப் போகிறதாம். அங்கே மலிவாம். நாங்கள் மலிவு என்றுதானே ஒருகாலத்தில் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்தார்கள்!

"ஒங்க லைனத்தான் மாதிரியா எடுத்தாங்க, அவ்வளவு வேகம்" என்கிறார் மெனேஜர். ஆறுதல் சொல்கிறாராம்.

செல்வி அழவில்லை. "நம்மளே மாலை போட்டு அனுப்பி வச்சோமேக்கா" என்றாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்
தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த செல்வியைக் கார்மென்ட்டுக்கு இழுத்து வந்ததே நான். இன்று தோட்டத்து ஆபீசில் திரும்ப வேலை கேட்டிருக்கிறாள். பதிவில் பேர் வெட்டினால் வெட்டினதுதானாம். புருஷனும் இல்லாதவள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போகிறாள்.

"பாப்பாவ ஒங்ககிட்ட விட்டுட்டுப் போனா எனக்குப் பயமில்ல. பாத்துக்குவீங்களாக்கா?"

"ஏன்டி, இதெல்லாம் கேக்கணுமா?" என்றேன்.

பின்னேரம் மெனேஜர் போன். அந்த நாட்டில் புதுப் பிள்ளைகளைப் பழக்க ஒரு சுப்பவைசர் வேண்டுமாம். இரண்டு வருடம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, த்தூ!

ஆனால் இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

ஒக்டோபர் 16, வியாழன்
தூறல். மாத்தளை டவுன். என் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க ஸ்டூடியோ. உள்ளே பெஞ்சில் செல்வி, மடியில் பாப்பா.

எதற்கு வந்தேன் என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்தேன். கேட்கவில்லை. அவள் முறை வந்தது. பாப்பாவை என்னிடம் நீட்டினவள், என் அயர்ன் பண்ணின சேலையையும் முகத்துப் பவுடரையும் பார்த்தாள். நீட்டின பிள்ளையைத் திருப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பிள்ளைய எறக்கிட்டு ஒக்காருங்கம்மா" என்றான் படம் பிடிக்கிறவன். அவள் இறக்கவில்லை.