தள்ளுபடியில் வந்த பிரேக்

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெனிபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்குச் சர்க்கரை கூடவும் இல்லை குறையவும் இல்லை, என் மனசுதான் ஒரு இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. ஆபீசில் காலையிலிருந்து சர்வர் இல்லை, உரம் வாங்கக் கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் ஏதோ ஆபீஸ் வேலை பார்க்கிற மாதிரி உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கம்மா கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். உன் சரிம்மாவை நான் நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்டு வருகிறேன், அதில் ஒரு சரியும் கிடையாது. நாளைக்கு முறுக்கும் கருப்பட்டியும் இட்லிப் பொடியும் கட்டி உனக்குப் பார்சல் போடுகிறேன், அதற்குள் இதையும் வைக்கிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது, முழுக்கப் படி.

உனக்குப் பாதி தெரியும், மீதியையும் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் தபால்காரர் சங்கரசுப்பு ஒரு சாம்பல் நிறக் கவரைக் கொண்டுவந்து, வெளிநாட்டுப் பார்சல், கஸ்டம்ஸ் வரி கட்டினால்தான் தரமுடியும் என்றார். உன் பெயர், நம் வீட்டு விலாசம். அப்பா வரியைக் கட்டி வாங்கிக் கத்தரிக்கோலுக்குக்கூடப் பொறுக்காமல் பல்லால் கிழித்தார். உள்ளே டிஸ்க் பிரேக்குக்கு உள்ள இரண்டு பேட், மேலே இங்கிலீஷில் பைக் என்று போட்டிருந்தது. அவர் வண்டியில் முன் பிரேக் கிறீச் கிறீச்சென்று கத்துகிறது என்று போன மாதம் உன்னிடம் புலம்பினாரே, அதைக் கேட்டுத்தான் நீ அனுப்பியிருக்கிறாய் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கு எதிரே காட்டாமல் முகம் கழுவப் போனார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அசன விருந்து, வந்தவர்களுக்கெல்லாம் சோற்றோடு சேர்த்து இதையும் பரிமாறினார். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக, மகள் அயர்லாந்திலிருந்து வண்டிக்கு பிரேக் அனுப்பியிருக்கிறாள், அங்கே உள்ள சாமான் நம் ஊர்ச் சாமான் மாதிரி கிடையாது என்று ஒரே பெருமை. சாம்பார் வராமல் பந்தியில் பாதிப் பேர் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சாயந்திரம் அதை மாட்டுவதற்குத் துரைப்பாண்டி ஒர்க் ஷாப்புக்குப் போனார். அப்பா அங்கே போனால் பேச்சு முடிந்து பொழுது சாய்ந்துதான் வருவார் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் போன சூட்டிலேயே திரும்பிவிட்டார். என்ன ஆயிற்று என்றேன். கம்பெனிக்காரன் அளவு மாற்றி அனுப்பிவிட்டான், மாட்ட முடியவில்லை என்றார். கவரில் என்ன போட்டிருக்கிறது, காட்டுங்கள், திருப்பி அனுப்பலாம் என்றேன். குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். வீட்டில் ரப்பர் பேண்டைக்கூடத் தூரப் போடாத மனுஷன் அவர். அப்போதே எனக்கு மண்டையில் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை.

அளவு சரியில்லையாம், அப்பாவுக்கு வருத்தம் என்று நான் உனக்கு மெசேஜ் போட்டேன். நீ உடனே கூப்பிட்டாய். நல்ல வேளை, அப்பா குளிக்கப் போயிருந்தார். "ஐயோ அம்மா, அது என் பைக்குக்கு உள்ளது. பழைய அட்ரஸ் அப்படியே கெடந்துருக்கு, பாக்காம அமுக்கிட்டேன்" என்றாய். இங்கே இருக்கும்போது அதே ஆன்லைன் கடையில் கம்மல் கம்மலாக வாங்கித் தள்ளினாயே, அந்த விலாசம் இன்னும் போகவில்லை. அப்படியானால் உன் வண்டியில் இப்போது பிரேக் இல்லையா என்றதற்கு, முன் பிரேக்தான் இல்லை, பின் பிரேக் இருக்கிறது, மெதுவாகத்தான் போகிறேன், அதே கடையில் திரும்ப ஆர்டர் போட்டுவிட்டேன், அங்கே தள்ளுபடி ஓடுகிறது, மூன்று நான்கு வாரத்தில் வந்துவிடும் என்று என்னவோ ரேஷனில் சீனி வருகிற மாதிரி சொன்னாய். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. பிறகு சரிம்மா, வைத்துவிட்டாய்.

நான் உன் பைக்கை மோட்டார் பைக் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். லைசன்ஸ் எடுத்துவிட்டாயா என்று நான் கேட்டதற்கு, இங்கே பைக்குக்கு லைசன்ஸே வேண்டாம் என்று சிரித்தாய். என்ன நல்ல ஊர் என்று நானும் நினைத்துக்கொண்டேன், உன் சித்தியிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். இப்போது பிரேக் இல்லை என்று கேட்டதும் என் உயிர் என்னிடம் இல்லை. மறுநாள் ஆபீசில் ஒரு ரசீதையே இரண்டு பேருக்குப் போட்டேன். பக்கத்து மேசை ரிஸானா, கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், நீ பார்த்திருக்கிறாய், என்னக்கா முகமே சரியில்லை என்று கேட்டாள். சொன்னேன். பயப்படாதீர்கள், என் தம்பி இர்ஷாத்தும் தோஹாவில் பைக்கில்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், ஒன்றும் ஆகாது என்று அவன் போட்டோவைக் காட்டினாள். அவன் முதுகில் சதுரமாக ஒரு பெரிய பை. ஜெனிபா, அதே பையை நான் வீடியோவில் உன் ரூமில் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்குப் பின்னால் சுவரோரம் நிற்கும், அதன்மேல் துண்டு காயப் போட்டிருப்பாய். என்ன பை அது என்று கேட்டதற்கு, ரூமில் கூட இருக்கிறவளுடையது, பிக்னிக் போவாள் என்றாய். வருஷமெல்லாம் மழை பெய்கிற ஊரில் தினமும் பிக்னிக் போகிறவளை நான் நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

ரிஸானாதான் சொன்னாள், "அக்கா, அயர்லாந்துப் பக்கமெல்லாம் சைக்கிளத்தான் பைக்குன்னு சொல்லுதாங்க. படிக்கப் போன பிள்ளைங்க சைக்கிள்லயே சாப்பாடு கொண்டு குடுக்குதுங்களாம்." அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லைப்ரரியில் பார்ட் டைம் வேலை என்றது, அங்கே சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போன் எடுக்காதது, கை விரலெல்லாம் வெடித்திருந்தது, குளிர்தான் அம்மா என்றது. நான் ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதுவிட்டுத்தான் வந்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

உன் வேலைமேல் எனக்குக் கோபம் இல்லை, அதை முதலில் புரிந்துகொள். பசிக்கிறவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதில் என்ன கேவலம், நீ என்னிடம் லைப்ரரி என்று சொன்னதுதான் கேவலம். என் கோபமெல்லாம் அந்த பிரேக்மேல்தான். தள்ளுபடி என்றால் உனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும், என் வயிற்றில்தானே பிறந்தாய், நான் ஆடித் தள்ளுபடிக்குக் கடை திறக்கும் முன்னே போய் நிற்கிறவள். ஆனால் நான் வாங்குவது சேலை. சாயம் போனால் வீட்டில் கட்டிக்கொள்வேன், கிழிந்தால் தலையணை உறை தைப்பேன். தள்ளுபடியில் வாங்கின பிரேக் ஓடுகிற வண்டியில் போய்விட்டால் அதை வைத்து என்ன தைக்கிறது? அந்தக் கடைக்காரன் எந்த ஊரில் இருக்கிறான், எதில் செய்கிறான், ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்க? முகம் தெரியாத ஒருவனை நம்பி மூன்று நான்கு வாரம் ஒற்றை பிரேக்கில் மழை ரோட்டில் போகிறாய். சர்வர் வந்துவிட்டது, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், பிறகு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி இப்போதுதான் உட்கார்ந்தேன். இங்கே வெயில் சாய்ந்துவிட்டது, அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், அதாவது நீ ரோட்டில் இருக்கிற நேரம். அதனால்தான் இந்த நேரம் வந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் போட்டு நீ எடுத்தால் ஓட்டிக்கொண்டே எடுத்துவிட்டாளோ என்று பயம், எடுக்காவிட்டால் விழுந்துவிட்டாளோ என்று பயம். நேற்று பிரேக் மாற்றினாயா என்று மெசேஜ் போட்டதற்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். அது மாற்றிவிட்டேன் என்கிற விரலா, மாற்றுகிறேன் என்கிற விரலா, பேசாமல் இரு என்கிற விரலா? நேற்றெல்லாம் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தாங்க மாட்டார், சபை முழுக்க மகள் பிரேக் அனுப்பினாள் என்று சொன்ன மனுஷனிடம், உங்கள் மகளே பிரேக் இல்லாமல்தான் போகிறாள் என்று எந்த வாயால் சொல்ல?

மற்ற விஷயம் என்ன, இங்கே மூட்டம் போடுகிறதே தவிர மழை இல்லை, மேலநீலிதநல்லூர் பக்கம் விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் சித்தி பொன்மணிக்கு முழங்கால் வலி, அதோடு அசனத்தில் நாலு மணி நேரம் நின்று அப்பளம் பொரித்தாள், இப்போது படுத்துக் கிடக்கிறாள். முறுக்கு அவள் சுட்டதுதான், வலியோடு சுட்டாள், கொஞ்சம் முறுகல் கூடிப்போயிற்று, போனில் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடு. கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து உறை போட்டுக்கொள். எழுதிக்கொண்டே உள்ளே ஒரு எட்டு போய் வந்தேன், பார்சலுக்குப் பழைய பேப்பர் எடுக்க.

ஜெனிபா, இனிமேல் எழுத்து கோணலாக இருந்தால் பார்த்துக்கொள். உள்ளே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ படம் பார்க்கிறார் என்று பின்னால் போய் நின்றேன். மேப்பில் ஒரு ஊரின் ரோட்டைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், ஈர ரோடு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடு, கீழே பார்த்து ஒரே இறக்கம். உன் தெரு. அந்த இறக்கத்தில் ரோடு கீழே போகப் போக அவருடைய வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது, வண்டியில் பின் பிரேக்கை மிதிப்பாரே, அதே மாதிரி. அவருக்கே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். குப்பையில் போட்டேன் என்ற கவர்தான். அதன் பின்பக்கம் மூலையில் சின்னதாக ஒரு சைக்கிள் படம். ஒர்க் ஷாப்பில் துரைப்பாண்டி இது சைக்கிளுக்கு உள்ளது என்று திருப்பிக் கொடுத்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது, அந்தச் சதுரப் பையையும் வீடியோவில் என்னைவிட முன்னாலேயே பார்த்திருக்கிறார். நான் பயந்துவிடுவேன் என்று அவர் மறைத்திருக்கிறார், அவர் தாங்க மாட்டார் என்று நான் மறைத்திருக்கிறேன், ஒரே வீட்டில் இரண்டு பேரும் இந்த ஒரு வாரத்தை இப்படித்தான் தள்ளியிருக்கிறோம். நன்றாக இருக்கிறது குடும்பம்.

அப்பா சொன்னது ஒன்றுதான். "என்ன வேல வேணும்னாலும் பாக்கட்டும், ஏட்டி. பிரேக்க மட்டும் இன்னைக்கே மாத்தச் சொல்லு" என்றார். அப்புறம் அந்த இரண்டு பேடையும் தன் கைக்குட்டையில் சுற்றி முறுக்குக்கு மேலே வைத்தார். வைத்துவிட்டு, இது வருகிறவரை காத்திருக்கக் கூடாது என்று எழுது என்று இரண்டு தரம் சொன்னார். எழுதிவிட்டேன். இந்தப் பார்சல் உன் கைக்கு வரும்போது உன் வண்டியில் வேறு பிரேக் மாட்டியிருக்க வேண்டும், அந்த ஊரிலேயே ஒரு கடையில், கண்ணால் பார்த்து, கேட்கிற விலையைக் கொடுத்து மாட்டியிருக்க வேண்டும். இதை உள்ளே வைத்துக்கொள், தேய்ந்தால் பார்க்கலாம். நாங்கள் இரண்டு பேரும் இன்றைக்கே போன் போடுவோம், நீ வேலை முடித்து ரூமுக்கு வந்தபிறகு. ரோட்டில் இருந்தால் எடுக்காதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ இறங்குகிற இறக்கத்திலெல்லாம் உனக்கு முன்னால் நிற்கட்டும். காலையில் ஜெபம் பண்ணாமல் வண்டியை எடுக்காதே. இனிமேல் வீடியோவில் வந்தால் உன் முகத்தை அப்புறம் காட்டு, முதலில் வண்டியைக் காட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக் காட்டு. அதைப் பார்த்தால்தான் உன் அப்பா காலைத் தரையிலிருந்து எடுப்பார்.

உன் சரிம்மாவுக்கு இனிமேல் ஏமாறாத,
அம்மா,
ஏசுவடியாள் அருமைநாயகம்.