மல்லிகா அக்கா எடுத்த சீட்டு

புரட்டாசி, வியாழன்

இன்று பாபு அண்ணன் வீட்டில் தெரு ஏலச்சீட்டு. லட்ச ரூபாய். எனக்குப் பணம் தேவையில்லை. பக்கத்து வீட்டில் தறி நெய்யும் மல்லிகா அக்காவுக்குத் தேவை. நாளை அவர் கணவருக்கு ஆபரேஷன். லட்சத்தில் அதிகம் கழித்துத் தள்ளிக் கேட்பவருக்கே சீட்டு. தள்ளிய தொகை சீட்டில் உள்ள இருபது பேருக்கும் பங்காகி, தவணையில் கழியும். அக்கா விடமாட்டார் என்று தெரிந்துதான் எதிராகக் கேட்டேன்.

"பத்தாயிரம்," என்றார்.

"பதினஞ்சு."

"இருபது."

"இருபத்தஞ்சு," என்றேன்.

சீட்டு பிடிக்கும் பாபு அண்ணன் சிரித்தார். "இன்னாபா, உனக்குக் கல்யாணமா? ஏத்திக்கினே போற?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "முப்பது."

இன்னும் ஏற்றினால் என் தலையில் விழும். நிறுத்திக்கொண்டேன்.

இந்த மாதத் தவணையில் எனக்கு ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது. அங்கேயே போனை எடுத்து அதை மியூச்சுவல் ஃபண்டில் போட்டேன்.

செருப்பு மாட்டும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கும் இன்னா அவசரமோ. எனக்காக விட்டுக்குடுத்துட்டியேபா. நல்லா இருப்ப."

"பரவால்லக்கா," என்றேன். 

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு உள்ளே போய், அடுத்த மாதம் யாருக்கு அவசரம் என்று பாபு அண்ணனிடம் விசாரித்தேன்.