வாலாஜா ரோடு பிளாட்பாரத்தில் விழுந்த அடி

என் வள்ளி அக்காவுக்கு,

நீ போன பிறகு வாலாஜா ரோடு ஸ்டேஷன் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. போன மாதம் போனேன். தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வந்து நின்ற இடமாம் அது. பேத்தி நந்தினி போனில் படித்துச் சொன்னாள். உதடு வீங்கி அவளுக்குப் பேச்சு குழறியது.

அதே பிளாட்பாரத்தில்தானே, தப்பித்துப் போக ரயிலுக்கு நின்ற உன்னை உன் புருஷன் முடியைக் கையில் சுற்றித் தரதரவென்று இழுத்தான்? எனக்கு ஐந்தாவது முடிந்த வயசு. அவன் கையைக் கடித்தேன். உதறித் தூண்மேல் எறிந்தான். ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. தாலி கட்டினவன் அடித்தால் நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது நம்ம பக்கத்து வழக்கம். வீட்டில் கொண்டுபோய் உன் வயிற்றில் மிதித்தான். மறுநாள் உன்னைப் பாடையில்தான் பார்த்தேன். கடைசியாக என்ன நினைத்தாய், அக்கா? ரயில் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றா?

நந்தினிக்கு வாய்த்தவனும் அதே ரகம். தினமும் பெல்ட்டடி. சென்னையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ரயிலேற்றிவிட ஆரணியிலிருந்து கூட வந்தேன். பைக்கில் துரத்தி வந்துவிட்டான். பெஞ்சிலிருந்தவளைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. ஜனம் அன்றைக்குப் போலவே ஒதுங்கியது. சிலர் போனில் படம் பிடித்தார்கள்.

"ஆயா, நகரு. இது புருஷன் பொண்டாட்டி விவகாரம்" என்றான்.

"நகர்றேன்ப்பா. நீ பல்லை எண்ணிக்கினு போ" என்று தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் கூஜாவால் அவன் வாயிலேயே அடித்தேன். குனிந்தவன் மண்டையில் இன்னொன்று. விழுந்தான். மறுபடி ஓங்கிய என் கையைப் பூக்காரப் பெண் ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"செத்துகித்து போயிடப் போறான், பெரியம்மா. வண்டி வந்துகினு இருக்குது. பொண்ண ஏத்துங்க மொதல்ல."

ஏற்றினேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே போனாள். போலீஸ் வரும்வரை நான் அங்கேயே நின்றேன்.

இப்போது என்மேல் கேஸ். அவன் பக்கத்துப் பெரியவர்கள் வந்து, பெண்ணைத் திருப்பி அழைத்துவந்து விட்டால் வாபஸ் வாங்கிவிடலாம் என்று நயமாகப் பேசினார்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை நான்.

கோர்ட்டில் கேட்டால் அடித்தேன் என்றே சொல்வேன், அக்கா. எத்தனை பேர் எப்படிக் கேட்டாலும் அவள் இருக்கும் இடம் மட்டும் என் வாயிலிருந்து வராது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
தேவகி