எடை குறைந்த நல்ல செய்தி

என்னங்க,

நான் குண்டு என்பதற்காக என் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கட்டிவிட்டு முணுமுணுப்பீர்களே, இனி அது வேண்டாமாம். காப்பீட்டுப் பரிசோதனையில் எடை பார்த்த பெண், "எப்படிக்கா குறைச்சீங்க?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். நான் எங்கே குறைத்தேன்? சாப்பாடுதான் தொண்டையில் இறங்கவில்லை.

எடை குறைந்ததற்கு ஃபோனில் நீங்கள் சந்தோஷப்பட்டதைக் கேட்டபின், இதைச் சொல்ல வாய் வரவில்லை.

டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். "இவ்வளவு இளைச்சிருக்கீங்க, வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று கடிந்துகொண்டார்.

"கவனிச்சாங்க டாக்டர். எல்லாரும் பாராட்டினாங்க" என்றேன்.

அடுத்த முறை உங்களையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். லீவு கிடைக்குமா? வரும்போது எனக்குத் துணிமணி எதுவும் வாங்காதீர்கள். அதற்குள் எந்த அளவில் இருப்பேனோ, எனக்கே தெரியாது.

இன்னமும்
உங்கள் குண்டம்மா