காருக்கு அடியில் உங்கள் டம்ளர்

என்னங்க,

ஊரிலிருந்து வந்ததும் உங்கள் கண்ணாடி டம்ளரைத் தேடி அலமாரியைக் கவிழ்க்காதீர்கள். அது ஷெட்டில், என் பழைய காருக்கு அடியில் இருக்கிறது.

ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளே காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் புதிதாக வாங்கும் விலை தலையைச் சுற்ற வைத்ததால்தான் காயலான் கடையில் ஒரு வேனிலிருந்து கழற்றிய பைகளை வாங்கி மாட்டினேன். "பழைய பையில காத்து நிக்குமா? ஒரே ராத்திரியில உன் கார் மண்ணைக் கவ்வும் பாரு!" என்று சொல்லிவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினீர்கள்.

பைதான் பழசு. குழாயும் வால்வும் புதுசு. காற்று கசிவது இணைப்பில்தானே? சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. (பாத்திர சோப்பு வாங்கணும்.) பிறகு அடிச்சட்டத்துக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு உங்கள் டம்ளரை வைத்தேன். கார் இறங்கினால் நொறுங்கிவிடும். மூன்று ராத்திரி ஆயிற்று. ஒரு கீறல் இல்லை!

நீங்களே பார்க்க வேண்டும் என்று காரை எடுக்காமல் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். ஷெட் சாவி அரிசி டப்பா மேல். சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: டம்ளர் உள்ளே தள்ளி இருக்கிறது, நின்றபடி எட்டாது. நீங்கள் மண்ணைக் கவ்வ வேண்டாம். மண்டி போட்டால் போதும்.