மாதா வேலிக்கு நீலப் பெயின்ற்

மே 6, திங்கள்

வெயில். காற்றில்லை. மாதா சொரூபம் இருக்கும் கெபியடியில் நின்றவர்கள்: நான், இவர், இவருடைய தமக்கை திரேசா மச்சாள், மச்சாளின் ஆடு. வேறு ஒருவரும் இல்லை.

மாதா கெபியின் இரும்பு வேலியைச் சுரண்டத் தொடங்கினேன். கடற்காற்றில் துரு அடை அடையாக. தையில் வள்ளத்தின் இயந்திரம் நின்று இவர் காணாமற்போனபோது நான் வைத்த நேத்தி: ஆள் உயிரோடு கரைக்கு வந்தால் என் கையாலே இந்த வேலிக்குப் பெயின்ற் பூசுவேன். வந்தார். தாயே, உமக்குத் தோத்திரம். பெயின்ற் யாழ்ப்பாணத்திலிருந்து போன கிழமைதான் வந்தது. நேத்தி தீரும்வரை கடலுக்குப் போக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை வள்ளம் மணலில்.

சாமான்: நீலப் பெயின்ற் பெரிய டின் 1. பிறஸ் 2. கம்பிப் பிறஸ் 1. தேய்க்க அரத்தாள் 6.

வேலியின் வாசற் படலையை நானே சுரண்டி, குடிதண்ணீர் ஒரு செம்பு விட்டுக் கழுவித் துடைத்தேன். பிறகு உலை வைக்க வீட்டுக்கு ஓட்டம். திரும்பி வர, மிச்ச வேலி முழுவதையும் இவர் சுரண்டிக் கழுவி முடித்திருந்தார். "நேத்தி பூசுறதுக்குத்தானே. கழுவினது ஆரின்ர கை எண்டு மாதா பார்க்கமாட்டா." சரி என்று விட்டேன். நல்லதண்ணீர்க் கிணறு எவ்வளவு தூரம்! பாவம், இத்தனை வாளி சுமந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

மே 8, புதன்

பூசி முடிந்தது. முழங்கை, மூக்கு, சேலைக்கரை எல்லாம் நீலம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகத்துக்குள் நிற்கிறது. மச்சாள்: "பிள்ளை, வேலியைப் பூசச் சொன்னா உம்மையெல்லோ பூசி வைச்சிருக்கிறீர்." அவவின் ஆட்டுக் கொம்பிலும் நீலம். ஆர் அதை உரசச் சொன்னது?

நல்ல நித்திரை. தைக்குப் பிறகு இப்படி வந்ததில்லை.

மே 14, செவ்வாய்

இரவு ஒரு மழை. காலையில் பார்த்தால் வேலியெங்கும் கொப்புளம். கை வைத்த இடமெல்லாம் தோல் போல உரிந்து வருகிறது. கீழே புதுத் துரு. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். நாளைக்கு வள்ளம் இறக்க இவர் ஆட்களுக்குச் சொல்லியாயிற்று.

மச்சாள்: "மாதா உம்மட நேத்தியை ஏற்கேல்லைப் போல." பகிடிதான். எனக்குப் பகிடியாய்ப் படவில்லை.

போகவேண்டாம் என்றேன். "பெயின்ற் உரிஞ்சதுக்கு நான் கடலுக்குப் போகக்கூடாதோ? சோளகக் காத்துத் துவங்கினா பிறகு ஏலாது. பிள்ளையளுக்குக் கல்லையோ அவிச்சுக் குடுக்கப்போறீர்?" கோபம். சாப்பிடாமல் எழும்பிவிட்டார். நான் செபமாலை எடுத்தேன். எந்த மணியில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

மே 15, புதன்

விடியக் கெபிக்கு. படலையில் ஒரு கொப்புளமும் இல்லை! ஒரே டின், ஒரே பிறஸ். பின்னே ஏன்? வேலியில் ஒரு கொப்புளத்தை உடைத்து, உள்ளே விரல் வைத்து, நாக்கில் தொட்டேன். கறி பார்க்கிற பழக்கம். உப்பு.

நேரே வள்ளத்தடிக்கு. இவரும் ஆட்களும் நின்றார்கள்.

"எந்தத் தண்ணியால கழுவினீங்கள்?"

"கடல் தண்ணிதான். வள்ளம் சுரண்டினா வேறை எதால கழுவுறனாங்கள்?"

"அது மரமப்பா! இது இரும்பு!"

ஆள் சிரித்துவிட்டார். நானும். வள்ளம் தள்ள வந்தவர்களும், எதற்கென்று தெரியாமலே.

மாதா கோபிக்கவில்லை. உப்பு. வெறும் உப்பு. வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்தேன்.

இவர் ஆட்களை அனுப்பிவிட்டார். "நீர் பூசி முடிச்சுவிடும். அதுவரைக்கும் நான் நிக்கிறன்."

மே 18, சனி

திரும்பவும் சுரண்டல். உள்ளங்கை காய்த்துப்போயிற்று. முதற் குடம் நல்ல தண்ணீர் கொண்டு வந்தது மச்சாள்தான், ஆட்டைக் கட்டிவிட்டு. "பூசுறது உம்மட கை. சுமக்கிறது என்ர இடுப்பு. மாதாவுக்கு விளங்கும்." பகிடி சொன்னதற்கு இதுதான் அவவின் மன்னிப்பு. கழுவி, துடைத்து, காயவிட்டு, அரத்தாள் போட்டுப் பூசினேன்.

மே 24, வெள்ளி

இடையில் இரண்டு தூறல். வேலி அப்படியே. நகத்தால் சுரண்டியும் பெயின்ற் வரவில்லை.

நேற்று மாலை இவர் கடலுக்குப் போனார். கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை, வீட்டில் இருந்து மா அரித்தேன். இன்று பூசை மணிக்கு முன்பே வாசலில் குரல். விளைமீன், ஒரு திருக்கை, நனைந்த ஆள்.

"என்ன, அழுறீரோ?"

"புகை."

அடுப்பு மூட்டியிருக்கவே இல்லை.

சாப்பிட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்கிறார்: டின்னில் மிச்சமுள்ள நீலத்தை வள்ளத்தின் முன்பக்கத்துக்குப் பூசினால் என்ன? எனக்கும் ஆசை. ஆனால் நேத்திக்கு வாங்கியது மாதாவின் பொருள். எங்கள் கணக்கில் எழுத ஏலாது. பங்குச் சுவாமிக்கு, கோயில் மூப்பரிடம் கொடுத்துவிட்ட துண்டுக் கடிதம்:

சுவாமி, மாதாவின் பெயின்ற் கால் டின் மிச்சம். இவருடைய வள்ளத்துக்குப் பூசினால் பாவமா? டின் திறந்தாயிற்று, மேலே ஆடை படர்கிறது. தயவுசெய்து கெதியாய்ப் பதில் சொல்லியனுப்பவும்.